வாடிய வீட்டுச் செடியை மீட்பது எப்படி: எதை முதலில், எதைக் கடைசியில்

செடி தலை தொங்கியதும் ஒரு சொம்பு தண்ணீர், மறுநாள் கொஞ்சம் உரம், அதற்கு அடுத்த நாள் வெயிலில் ஓர் இடம், அப்படியும் தேறவில்லை என்றால் பெரிய தொட்டி. புதிதாகச் செடி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரியும், ஆனால் வேர் அழுகத் தொடங்கிய செடிக்கு இந்த நான்குமே கெடுதல். அதனால் இங்கே மருந்துகளைவிட வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மணி பிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், பீஸ் லில்லி, அக்லோனிமா, டிஃபன்பாக்கியா, கலாத்தியா, ரப்பர் செடி, ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட், அரிக்கா பனை என்று வீட்டுக்குள் வளரும் வெப்பமண்டலச் செடிகளுக்கு இது பொருந்தும். கள்ளி வகைகளுக்குக் கணக்கே வேறு.

1. முதலில் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள்

தண்ணீர் இல்லாமல் வாடும் செடியும் தண்ணீர் அதிகமாகி வாடும் செடியும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பி நாள்கணக்கில் அப்படியே நின்றால் வேர் மூச்சு முட்டிச் சாகும், செத்த வேரால் உறிஞ்ச முடியாது, தொட்டி நிறைய ஈரம் இருந்தும் இலை தாகத்தில் தொங்கும். அந்த நேரத்தில் இன்னொரு குவளை ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் போச்சு.

எனவே முதல் நாள் வேலை ஒன்றே ஒன்றுதான். செடியை மற்றவற்றிடமிருந்து தள்ளி, நல்ல வெளிச்சம் உள்ள ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். பூச்சி இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை, அதற்காகத்தான் இந்த இடைவெளி. மாவுப்பூச்சி ஒட்டியிருக்கும் இலைகள் வழியாக ஊர்ந்தே அடுத்த தொட்டிக்குப் போய்விடும்.

2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

செடியைத் தொட்டியிலிருந்து பிடுங்கி வேரை அலசிய பிறகு "கலவை வாங்கவில்லையே" என்று கடைக்கு ஓடுவது நான் அடிக்கடி பார்க்கும் தடுமாற்றம். மெல்லிய வேர்கள் காற்று பட்டால் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆகவே எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் தொட்டியைத் தொட வேண்டும்.

கூர்மையான கத்தரி, அதைத் துடைக்க 70 சதவீத ஆல்கஹால், பழைய செய்தித்தாள், ஒரு வாளி தண்ணீர், நீளமான மெல்லிய மரக்குச்சி, அடியில் துளை உள்ள தொட்டி, புதுக் கலவை. அப்புறம் கையுறை. டிஃபன்பாக்கியா, பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, பீஸ் லில்லி, மணி பிளான்ட் எல்லாவற்றின் சாற்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. தோலில் பட்டால் அரிக்கும், கண்ணிலோ வாயிலோ பட்டால் நன்றாகவே வலிக்கும். வெட்டிப் போட்ட துண்டுகளைக் குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் எடுக்காதபடி உடனே அப்புறப்படுத்துங்கள்.

கலவைக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு, மரப்பட்டைத் துண்டுகள் ஒரு பங்கு போதும். கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும், அதனால் வாங்கியதை ஊற வைத்துப் பிழிந்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். தோட்டத்து மண்ணைத் தொட்டிக்குள் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், சின்னத் தொட்டியில் அது இறுகிக் காற்றை அடைத்துவிடும்.

3. உயிர் இருக்கிறதா?

இலை முழுக்க உதிர்ந்ததால் செடி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரப்பர் செடி போன்ற கட்டைத் தண்டுச் செடிகளில் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள், மேல்பாதி போய்க் கீழ்ப்பாதி நன்றாக இருப்பது சகஜம்.

மென்தண்டுச் செடிகளை மண் மட்டத்துக்கு அருகில் அமுக்கிப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் நல்லது. ஸீஸீ, ஸ்நேக் பிளான்ட் இரண்டுக்கும் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போன்ற தண்டில் இருக்கிறது, மேலே ஒன்றுமே இல்லாமல் போனாலும் அது கெட்டியாக இருந்தால் துளிர்க்கும். பனை வகைகள் மட்டும் இரக்கம் காட்டாது. ஒவ்வொரு தண்டும் நுனிக் குருத்திலிருந்து மட்டுமே வளரும். குருத்தை மெல்ல இழுத்தால் அழுகிக் கையோடு வந்துவிட்டால் அந்தத் தண்டு முடிந்தது, கூட இருக்கும் மற்ற தண்டுகளைத்தான் காப்பாற்ற முடியும்.

4. ஈரத்தை அடிவரை பாருங்கள்

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், பிறகு விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். இதோடு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. மேலே இரண்டு அங்குலம் காய்ந்து, அடியில் சேறாக இருக்கும் தொட்டிகள் ஏராளம். மரக்குச்சியை ஓரமாக அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்தால் எந்த ஆழத்தில் ஈரம் என்று குச்சியே காட்டிவிடும். அடித்துளையை முகர்ந்தும் பாருங்கள், சாக்கடை வாடை வந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது.

இங்கே வழி மூன்றாகப் பிரியும். அடிவரை காய்ந்திருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் 6, 7 இரண்டையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நேரே 8. ஈரம் சரியாக இருந்தும் இலைகள் மட்டும் சரியில்லை என்றால் 6, 7 இரண்டையும் பொறுமையாகப் படியுங்கள்.

5. காய்ந்துபோன செடிக்கு

மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் உடனே அடித்துளை வழியாக ஓடிவிடும். அதைப் பார்த்து நன்றாக நனைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முழுக்க உலர்ந்த பீட் (சதுப்புநில மக்கு) கலவை சுருங்கித் தொட்டியின் சுவரிலிருந்து விலகிவிடும், ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கிப் போகிறது, நடுவில் இருக்கும் வேருக்கு ஒரு சொட்டும் கிடைப்பதில்லை.

ஓர் அகலப் பாத்திரத்தில் தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, தொட்டியை 30 முதல் 45 நிமிடம் உள்ளே வையுங்கள். மேல்மண் தானாகக் கறுத்து ஈரமானதும் எடுத்து முழுக்க வடிய விடுங்கள். ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள், ஒரு பிரச்சினையை இன்னொன்றாக மாற்றிக்கொள்வீர்கள்.

பீஸ் லில்லி சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மற்றவை ஒன்றிரண்டு நாள் எடுக்கலாம். மொறுமொறுவென்று காய்ந்த இலைகள் மட்டும் திரும்பாது.

6. இலையைப் படிப்பது

ஓர் இலையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். எந்த இலை, பழையதா புதியதா, நுனியா ஓரமா நடுவா என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

கீழே இருக்கும் பழைய இலை ஒன்று மட்டும் மஞ்சளாகி, மேலே தளிர் வந்துகொண்டிருந்தால் அது முதுமை, விட்டுவிடுங்கள். கீழிலைகள் நான்கைந்து ஒன்றாக மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் வேரில் கோளாறு. மண் சரியாக இருந்து, செடி ஒரே தொட்டியில் பல வருடம் உரமில்லாமல் நின்றிருந்தால் தழைச்சத்துக் குறை, ஏனென்றால் செடி தழைச்சத்தைப் பழைய இலையிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்பும். இரும்புச்சத்தை அப்படி உருவ முடியாது, அதனால் அந்தக் குறை தளிரில்தான் முதலில் தெரியும். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளிறி இருக்கும்.

நுனி மட்டும் பழுப்பாகக் கருகுவது பெரும்பாலும் உப்பு சேர்வதால் வருவது. மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, முழுக்க வடியவிட்டால் உப்பு கரைந்து போகும். இதை வேர் நன்றாக இருக்கும் செடிக்கு மட்டும் செய்யுங்கள். டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் இரண்டும் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுக்கே நுனி கருகும். தண்ணீரை ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது. மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைக் கொடுங்கள்.

கலாத்தியாவின் ஓரம் கருகினால் காற்றில் ஈரப்பதம் குறைவாக இருக்கலாம். வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளுத்துக் காகிதம்போல ஆன திட்டுகள் வெயில் சூடு. தண்டு நீண்டு, இலை இலையாகத் தள்ளித் தள்ளி வந்தால் வெளிச்சம் போதவில்லை. குளிர்காற்று நேரே வீசும் இடத்தில் நின்ற செடியில் ஈரம் கோத்த கறுப்புத் திட்டு வந்தால் அது குளிர் தாக்கியது, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இந்தச் செடிகளில் பலவற்றுக்கு ஆகாது.

காலையில் இலை நுனியில் தெளிவான நீர்த்துளி நிற்பதைப் பார்த்துப் பயந்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. அது வேர் இரவில் ஏற்றிய உபரித் தண்ணீர். நோய் கிடையாது.

7. பூச்சி தேடல்

இலையைத் திருப்புங்கள். மேல்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு "பூச்சியே இல்லை" என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். இலைக்காம்பு தண்டில் சேரும் கவட்டில் பஞ்சுபோல இருந்தால் மாவுப்பூச்சி. நகத்தால் தட்டினால் பெயர்ந்து வரும் பழுப்புப் புடைப்பு செதில் பூச்சி. இலையில் வெள்ளிக்கோடுகளும் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் இலைப்பேன். இலை மேல்பக்கம் ஊசி குத்தியதுபோல வெளிறிப் புள்ளி புள்ளியாக இருந்தால், அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சிலது நகர்ந்தால் செஞ்சிலந்தி.

முதல் மருந்து தண்ணீர்தான். தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, இலையின் அடிப்பக்கம் முழுக்க நன்றாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மாவுப்பூச்சிக்கு ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைக்கலாம். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு மென்மையான திரவ சோப்பு கலந்து, வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முழுச் செடிக்கும் போக வேண்டும், மெல்லிய இலைச் செடிகளுக்கு இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஒரு தடவை அடித்துவிட்டு நிறுத்துவதால்தான் பூச்சி திரும்ப வருகிறது. வேப்பெண்ணெய்க்குத் தப்பிய முட்டைகள் சில நாளில் பொரிக்கும். 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை அடித்தால்தான் அடுத்த தலைமுறை முட்டையிடும் முன் பிடிக்க முடியும்.

மண்ணைச் சுற்றிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறந்தால் பூச்சிமருந்தைத் தேட வேண்டாம், அவை ஈரமான மேல்மண்ணில்தான் பெருகும். மண் அடிக்கடி நனைகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

8. வேரைப் பார்ப்பது

வேரைத் தொடும் முன் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா என்றால் நன்றாக இருக்கும் கொடியிலிருந்து ஒரு கணு உள்ள துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். தாய்ச்செடி போனாலும் இது இருக்கும். கணு கட்டாயம் வேண்டும், வெறும் இலையும் காம்பும் வேர் விட்டாலும் அதிலிருந்து புதுத் தண்டு வராது.

இப்போது தொட்டியைச் சாய்த்து, பக்கங்களை அமுக்கி, மண்கட்டியோடு செடியை வெளியே நழுவ விடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். அழுகிய வேர்க்கழுத்து அங்கேயே அறுந்துவிடும்.

மண்ணை உதிர்த்து, மிச்சத்தை வாளித் தண்ணீரில் அலசுங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும், நிறம் வெள்ளையோ கிரீமோ. சில செடிகளில் இயல்பாகவே மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும், கலவையின் சாயமும் ஏறியிருக்கலாம், அதனால் நிறத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். அழுகிய வேரின் மேல்தோல் வழுவழுவென்று கழன்று விரலோடு வந்துவிடும், உள்ளே இருந்த நூல் போன்ற நரம்பு மட்டும் தொங்கும். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது.

9. எவ்வளவு வெட்டுவது

அழுகிய வேர் முழுவதையும் நல்ல திசு தெரியும் வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரியை ஆல்கஹாலில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகலை நீங்களே நல்ல வேருக்குக் கொண்டு போவீர்கள். "இதுவும் பிழைக்கலாம்" என்று பாதி அழுகியதை விட்டு வைப்பதில் பிரயோசனம் இல்லை.

மேலே இலை விஷயத்தில் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். முழுக்க மஞ்சளானது, கறுத்தது, சொதசொதவென்று ஆனது எல்லாம் போகலாம். பாதி பச்சையாக இருக்கும் இலை இன்னும் உணவு தயாரிக்கிறது, புது வேர் வளர்வதற்கான சத்து அங்கிருந்துதான் வர வேண்டும். வேரில் பாதிக்கு மேல் போய்விட்டால் மட்டும், மிச்ச வேரால் தாங்க முடியாது என்பதால், பெரிய இலைகளில் சிலவற்றையும் எடுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையலறை இலவங்கப்பட்டைத்தூள் என்று வேரில் தடவ ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். சுத்தமாக வெட்டி, காற்றோட்டமான புதுக் கலவையில் வைத்தால் அது எதுவும் தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து. பட்டைத்தூள் நல்ல வேரையும் உலர்த்திவிடும்.

10. திரும்ப நடுவது

தொட்டியின் அளவை மிச்சமிருக்கும் வேரை வைத்து முடிவு செய்யுங்கள், இலையின் பரப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். வேர்ப்பந்தைச் சுற்றி 2 முதல் 3 சென்டிமீட்டர் இடம் போதும். பல சமயம் இதற்குப் பழையதைவிடச் சின்னத் தொட்டி வேண்டியிருக்கும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத கலவை நிறைய இருக்கும், அதில் இருக்கும் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லை, திரும்பவும் அதே கதை.

அடியில் ஜல்லி போடாதீர்கள். தண்ணீர் சுலபமாக வடியும் என்று நினைத்துப் போடுகிறார்கள், நடப்பது நேர்மாறு. மேலே உள்ள நுண்ணிய கலவை முழுக்க நிறைந்த பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும், அதனால் ஈரம் தேங்கும் மட்டம் இன்னும் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். துளையில் மண் விழாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

செடி முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள், தண்டைப் புதைக்காதீர்கள். கலவையை அழுத்தித் திணிக்காமல் தொட்டியைத் தட்டித் தட்டிப் படியச் செய்யுங்கள். ஆடினால் ஒரு குச்சி கட்டுங்கள். நட்டதும் ஒரு முறை துளை வழியே வடியும்வரை தண்ணீர், அதன் பிறகு மேல் 3 சென்டிமீட்டர் காயும்வரை நிறுத்தம். ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ என்றால் வெட்டுக்காயம் ஆற ஒன்றிரண்டு நாள் நிழலில் வைத்துவிட்டு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் ஊற்றலாம். தண்டிலேயே தண்ணீர் வைத்திருக்கும் செடிகள் அவை.

11. எங்கே வைப்பது

ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் நேராக விழாத இடம். தேறாத செடியை வெயிலில் வைத்தால் இலை தண்ணீரை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. இருட்டு மூலையிலும் வைக்காதீர்கள், அங்கே கலவை காயவே காயாது.

வேர் ரொம்பக் குறைவாக இருந்தால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைச் செடிக்கு மேல் தளர்வாகப் போர்த்தலாம். உள்ளே ஈரப்பதம் கூடி, இலை தண்ணீரை இழப்பது குறையும். தினமும் சில நிமிடம் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வரும். இலையில் தண்ணீர் தெளிப்பதால் ஈரப்பதம் கொஞ்ச நேரத்துக்குத்தான் கூடும், நாலைந்து தொட்டிகளைச் சேர்த்து வைப்பது அதைவிட உதவும், ஆனால் அது பூச்சி இல்லை என்று உறுதியான பிறகு.

12. கையைக் கட்டிக்கொண்டு இருப்பது

இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள். நட்ட முதல் வாரத்தில் இன்னும் ஓரிரு இலை மஞ்சளாகும், உதிரவும் செய்யும், அதைப் பார்த்ததும் வேர் பிடித்ததா என்று பார்க்கத் திரும்பப் பிடுங்குவார்கள், இடம் மாற்றுவார்கள், இன்னொரு மருந்து அடிப்பார்கள். புதிதாக வரும் வேர் முடிகள் தொட்டாலே அறுந்து போகும் அளவுக்கு மெல்லியவை.

நட்டு இடம் பார்த்து வைத்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் பிறகு இரண்டு வாரமாவது பொறுங்கள். ஒரே நாளில் தொட்டி, இடம், தண்ணீர் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வாரம் ஒரு முறை ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் படங்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

கெட்ட இலை பச்சையாகத் திரும்பாது. தேறியதற்கு அடையாளம், இலைகள் மேற்கொண்டு கெடாமல் நிற்பது, தொங்கியது விறைப்பது, கணுவில் முளை பருப்பது. நிறையச் செடிகளில் 4 முதல் 8 வாரத்தில் தளிர் தெரியும். ஸீஸீ மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும், கிழங்கு கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம்.

13. உரம்

புதுத் தளிர் ஒன்று முழுதாக விரியும் வரை உரம் கிடையாது. உரம் என்பது உப்பு. வேர் குறைவாக இருக்கும்போது மண்ணில் உப்பு கூடினால் வேர் தண்ணீரை உறிஞ்சுவதே சிரமமாகும், முனைகளும் கருகும். அதன் பிறகு சமச்சீரான திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, ஈரமான மண்ணில் மட்டும், மாதம் ஒரு முறை கொடுங்கள்.

14. தேறவில்லை என்றால்

வேர்க்கழுத்து முழுக்கக் கூழாகிவிட்டால், சுரண்டிய இடமெல்லாம் பழுப்பாக இருந்தால், தாய்ச்செடியை விட்டுவிட்டு 8-ல் எடுத்து வைத்த துண்டைப் பாருங்கள். அது இரண்டு மூன்று அங்குலம் வேர் விட்டதும் சின்னத் தொட்டிக்கு மாற்றலாம். ஸ்நேக் பிளான்ட் என்றால் ஓர் இலையின் நல்ல பகுதியை வெட்டி, காயம் உலர்ந்த பின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நட்டாலும் வரும், தலைகீழாக நட்டால் வராது. ஓரத்தில் மஞ்சள் கோடுள்ள வகையாக இருந்தால் அப்படி வரும் செடியில் அந்தக் கோடு இருக்காது.

அழுகல் வந்த மண்ணை வேறு தொட்டிக்குப் போடாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து பத்து நிமிடம் ஊற வைத்து, வாடை போகும்வரை அலசிக் காயவைத்த பிறகு அடுத்த செடிக்கு எடுக்கலாம்.